பெரிய கேமும் நீண்ட குழாயும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பெரிய கேம்ஷாஃப்ட் போட்டால் எஞ்சின் எல்லாச் சுற்றிலும் வலுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. காற்றுக்கும் எடை உண்டு என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் காற்று தன் உந்தத்தால் சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அங்கே பெரிய கேம் வால்வைத் தாமதமாக மூடுவது லாபம். 2,000 சுற்றில் அந்த உந்தம் போதாது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திறந்த வால்வு வழியே திருப்பித் தள்ளிவிடும். காற்றை உள்ளே கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டின் குழாயிலும் நேரம்தான் முக்கியம். வால்வு திறக்கும்போது எழும் அழுத்த அலை, ஒலியின் வேகத்தில் குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்புகிறது. வால்வு மூடுமுன் வந்துசேர்ந்தால் கூடுதல் காற்றைத் திணிக்கும். நீண்ட குழாயில் அலை தாமதமாகத் திரும்புவதால் அது குறைந்த சுற்றுக்குப் பொருந்தும். குட்டைக் குழாய் அதிகச் சுற்றுக்கு.

அப்படியானால் நீண்ட குழாயோடு பெரிய கேமைச் சேர்த்தால் இரண்டு பலனும் கிடைக்காதா? கிடைக்காது, ஒன்று தருவதை மற்றது பறிக்கும். 1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த விடெக் எஞ்சின் 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்ததே என்று கேட்கலாம். அது சுற்றுக்கு ஏற்ப வேறு வடிவக் கேமுக்கே மாறிக்கொண்டது. அந்த வசதி இல்லாத வார இறுதி ஸ்போர்ட்ஸ் காருக்கு, அதிகம் ஓட்டும் சுற்றை முதலில் தீர்மானித்து, இரண்டு பாகங்களையும் அதற்கே வாங்குவதுதான் அறிவு.