எந்த நாட்டுக் கேலன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளில் மலர்த் தோட்டங்கள் மிகுதி. அங்கே ஒரு விவசாயி அமெரிக்க வேளாண்மை நூல் ஒன்றை உங்களிடம் நீட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். "தம்பி, ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு திரவ அவுன்ஸ் சத்து மருந்து கலக்க வேண்டுமாம். என் தெளிப்பான் பத்து லிட்டர் பிடிக்கும். எத்தனை மில்லி ஊற்றலாம்?" என்கிறார்.

உடனே கணக்கில் இறங்கிவிடாதீர்கள். "இது எந்த நாட்டுக் கேலன்?" என்று முதலில் கேளுங்கள். ஏனெனில் கேலன் இரண்டு வகை.

முற்காலத்தில் இங்கிலாந்தில் திராட்சை மது அளக்க 231 கன அங்குலக் கேலன் வழங்கியது. அமெரிக்கர் அதையே வைத்துக்கொண்டனர். அது 3.785 லிட்டர். பிரிட்டனோ 1824இல் சட்டம் இயற்றி, 10 பவுண்டு எடையுள்ள நீர் கொள்ளும் புதிய கேலனை வகுத்தது. அது 4.546 லிட்டர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வருவதற்கு முன் இந்தியாவில் வழங்கியது பிரிட்டிஷ் கேலனே. அவுன்சும் அப்படித்தான்: அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி லிட்டர், பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41.

பெயர் ஒன்று, அளவு வேறு என்பது நமக்குப் புதிதல்ல. நம் படியும் ஊருக்கு ஊர் மாறியது. அதனால்தான் முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று மரக்காலின் பெயரையே குறிப்பிடுகின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதுபோல, 128 அமெரிக்க அவுன்ஸ் ஓர் அமெரிக்கக் கேலன். ஆகவே 128 பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. பத்து லிட்டர் என்பது 10,000 மில்லி லிட்டர்.

10,000 ÷ 128 = 78.1 மில்லி லிட்டர்

பிரிட்டிஷ் கேலனில் 160 அவுன்ஸ். அந்த நூல் பிரிட்டனில் அச்சானதாக இருந்தால்:

10,000 ÷ 160 = 62.5 மில்லி லிட்டர்

பார்த்தீர்களா! பிரிட்டிஷ் நூலை அமெரிக்க நூல் என்று எண்ணிக் கலந்தால் மருந்து கால் பங்கு கூடிவிடும். செறிவு மிகுந்தால் இலைகள் கருகக்கூடும். குறைந்தால் உரிய பலன் கிட்டாது. இரண்டிலும் நட்டம் விவசாயிக்கே. எனவே நூல் எங்கே அச்சானது என்று முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

உங்கள் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும் என்றால், அது எத்தனை கேலன்? அமெரிக்கக் கணக்கில் 264, பிரிட்டிஷ் கணக்கில் 220. சரிதானா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்!