கண்ணீர் சிந்திய தாயும் கல்வி தேடிச் சென்ற மகனும்

புனித மோனிக்காவின் திருநாளை ஓகஸ்ட் 27ஆம் திகதியும், அவருடைய மகன் புனித அகுஸ்தீனாரின் திருநாளை மறுநாளும் திருச்சபை கொண்டாடுகின்றது. இந்நாட்கள் நெருங்கும்போது, சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய மகன் ஊரைவிட்டு வெகுதொலைவிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் முதலாம் ஆண்டு மாணவன். நம் ஆலயத்தின் முன்னாள் பீடப்பணியாளன். விடுமுறைக்கு வந்தவனிடம் மதுவாடை வீசியிருக்கிறது. “பாதர், இனி இவனுக்கு இந்த வீட்டில சோறில்லை எண்டு அவர் சொல்லிப்போட்டார்” என்று அத்தாய் அழுதார்.

பின்னர் அந்த இளைஞனோடு பேசினேன். சுவைக்காக அவன் குடிக்கவில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில், அறைத்தோழர்களோ முன்பின் அறியாதவர்கள், மாலையில் நீட்டப்படும் மதுவை மறுத்தால் தனிமை. உயர்கல்விக்குச் சென்ற முதல் 6 வாரங்களே இவ்வகையில் ஆபத்து மிக்கவை என அமெரிக்க அரசின் மதுப்பழக்க ஆய்வு நிறுவனம் பெற்றோரை எச்சரிக்கின்றது. பிள்ளை புறப்படுமுன் பெற்றோர் மதுவைப் பற்றி மனந்திறந்து பேசுவது துணைசெய்கிறது என்பதும் அங்குள்ள ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

அன்பார்ந்த பெற்றோரே, நாமோ மெத்தை, கேத்தல், செபமாலை எல்லாம் கட்டிக்கொடுக்கிறோம். மதுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதையேனும் சொல்கிறோமா? (முதல் நன்மை விருந்திலேயே போத்தல் திறக்கும் நாம் எந்த முகத்தோடு சொல்வது என்பது வேறு கேள்வி.)

மோனிக்கா சொன்னார். சிறுமியாக இருந்தபோது, பெற்றோருக்காகப் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுக்கச் சென்ற அவர், சிறிது சிறிதாகப் பருகிப் பழகிவிட்டார். பணிப்பெண்ணொருத்தி குடிகாரி என்று ஏசியதும் வெட்கமுற்று அதனைக் கைவிட்டார். இதனை அகுஸ்தீனார் எழுதியுள்ளார். அவருக்கு அதைச் சொன்னவர் தாயேதான்.

அந்தத் தாயும் ஒரு காலத்தில் மகனுக்குத் தம் உணவு மேசையில் இடம் மறுத்தவரே. கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்றவர் மனிக்கேயரின் பிறழ்ந்த கொள்கையைத் தழுவியதே அங்கு காரணம், குடியன்று. பின்பு ஒரு கனவினால் ஆறுதலடைந்து, மீண்டும் உடனமர்ந்து உண்ண அனுமதித்தார். அப்போது மகன் மனந்திரும்பியிருக்கவில்லை. அதன் பின்னரும் ஏறக்குறைய 9 ஆண்டுகள் அதே வழியில் நடந்தார். 387ஆம் ஆண்டிலேயே திருமுழுக்குப் பெற்றார்.

இவற்றை அத்தகப்பனாரிடம் எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். “நானும் அந்த வயசில குடிச்சனான் பாதர். அவனுக்குத் தெரியாது” என்றார். அதையே அவனிடம் சொல்லுங்கள் என்றேன்.

அன்றிரவு இருவரும் ஒன்றாக உண்டதாகத் தாய் பின்னர் அறிவித்தார். மகன் உடனே குடியை விட்டுவிடவில்லை. விடுதிக்குத் திரும்பிய பின்னரும் ஓரிரவு குடித்திருக்கிறான். மறுநாட் காலையில் தானாகவே தகப்பனாரைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னானாம்.