இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து

வங்கிக் கம்ப்யூட்டர்களில் தகவலுக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர் யார் என்பதில்தான் குழப்பம்.

கணவர் இறந்து எட்டு மாதம். மனைவி இறப்புச் சான்றிதழைக் கிளையில் கொடுத்துவிட்டார். சேமிப்புக் கணக்கை முடித்துப் பணமும் வாங்கிவிட்டார். ஒருநாள் காலை, வீட்டில் சும்மா கிடந்த கணவரின் செல்போன் ஒலிக்கிறது. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், கூடவே உங்களுக்கென்றே ஒரு தனிநபர் கடன் என்கிறது செய்தி. அனுப்பியது அதே வங்கி. ஆனால் அந்த வங்கியின் இன்னொரு ஊர்க் கிளையில் அவர் போட்டுவைத்த டெபாசிட் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை.

காட்சி கற்பனைதான். ஆனால் வங்கிப் படி ஏறி இறங்கிய எந்தக் குடும்பமும் இதை நடக்காத கதை என்று ஒதுக்காது. வாழ்த்து வந்ததற்கும் டெபாசிட் மறந்துபோனதற்கும் காரணம் ஒன்றே. கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டரில் அவர் இறந்துவிட்டார். விற்பனைப் பிரிவின் கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கிறார். பழைய கிளையிலிருந்து வந்த பதிவில் அவர் வேறு ஆள்.

பத்தாண்டு வரை யாரும் கோராத டெபாசிட்டுகள், ரிசர்வ் வங்கி 2014இல் தொடங்கிய தனி நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச் இறுதியில் அதில் சேர்ந்திருந்த தொகை ரூ.78,213 கோடி. வாரிசுகளுக்கு விவரம் தெரியாதது, முகவரி மாறியது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒருவரின் கணக்குகள் அனைத்தும் அவருடையவைதான் என்று வங்கிக்கே தெரிந்திருந்தால், ஒரு கணக்கை முடிக்க வந்தவரிடம் மற்றதையும் சொல்லியிருக்கலாம்.

ஏன் தெரிவதில்லை? வங்கிகள் கம்ப்யூட்டருக்கு மாறிய விதம் அப்படி. தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டர்மயமானது. வாடிக்கையாளர் அந்தக் கிளையின் சொத்து. பிறகு ‘கோர் பேங்கிங்’ வந்து கிளைகளை இணைத்தபோது, பழைய பேரேடுகளின் பிழைகளும் கூடவே குடியேறின. கிரெடிட் கார்டுக்கு ஒரு சாஃப்ட்வேர், வீட்டுக் கடனுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸ் விற்க மற்றொன்று. போதாக்குறைக்கு இணைப்புகள் வேறு. 2017 ஏப்ரலில் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் பாங்குடன் இணைந்தன. 2020 ஏப்ரலில் பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காயின. இரண்டு வங்கிகளிலும் கணக்கு வைத்திருந்தவர், இணைப்புக்குப் பிறகு ஒரே வங்கியில் இரண்டு ஆளாக நிற்கும் நிலை வந்தது.

இதன் மேல்தான் சி.ஆர்.எம். எனப்படும் வாடிக்கையாளர் உறவு சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்தது. யாருக்கு எதை விற்கலாம், யார் என்ன புகார் கொடுத்தார் என்பதையெல்லாம் கவனிப்பது அதன் வேலை. ஆனால் எதிரே இருப்பவர் யார் என்பதை அது வேறெங்கிருந்தாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம்தான் மாஸ்டர் டேட்டா: ஓர் ஆளுக்கு ஒரே அதிகாரப்பூர்வமான பதிவு. ரிசர்வ் வங்கி 2012லேயே, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரே அடையாள எண் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. புதியவர்களுக்கு எண் தருவது சுலபம். பழையவர்களை ஒன்றுசேர்ப்பதுதான் தலைவலி.

இந்தியப் பெயர்களே இதற்குச் சாட்சி. லட்சுமியை ஆங்கிலத்தில் ‘கே.எஸ்.எச்.’ போட்டும் எழுதலாம், ‘எக்ஸ்’ போட்டும் எழுதலாம். சௌத்ரிக்கு அரை டஜன் எழுத்துமுறைகள். தமிழர்கள் பாடு தனி. மும்பையிலோ டெல்லியிலோ விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்பதால், இனிஷியலாக இருந்த அப்பா பெயர் அங்கே போய் உட்காரும். ஊரில் ‘ஆர். முருகன்’ என்றிருப்பவர் அங்கே ‘முருகன் ராமசாமி’. கம்ப்யூட்டருக்கு இவர்கள் இருவர்.

அதனால் சாஃப்ட்வேர் பெயரை மட்டும் நம்புவதில்லை. பிறந்த தேதி, பான் எண், முகவரி, செல்போன் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் மிக அதிகம் என்றால் ஒரே ஆள். மிகக் குறைவு என்றால் வேறு வேறு ஆள். இடையில் நிற்பவர்களை மனிதர்கள்தான் பார்த்து முடிவு செய்யவேண்டும். பிறகு எந்தத் தகவலை எங்கிருந்து எடுப்பது என்ற விதி. முகவரிக்கு அண்மையில் சரிபார்த்த கே.ஒய்.சி. ஆவணம். இறப்புக்கு, சான்றிதழைப் பார்த்த கிளையின் பதிவு. இப்படித் தேறிய பதிவை சி.ஆர்.எம். படிக்கலாம், தன்னிஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. கால் சென்டர் ஊழியர் கேட்டு எழுதிய புது முகவரியும் சரிபார்ப்பைத் தாண்டித்தான் மூலப் பதிவுக்குள் நுழையவேண்டும்.

இருவரைத் தவறாக ஒருவராக்கிவிட்டால் இன்னும் ஆபத்து. செல்போன் எண்ணை நம்பினால், முடக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும். முகவரியை நம்பினால், ஒரே வீட்டில் ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருப்பார்கள். எவரோ கட்டாத கடன் உங்கள் தலையில் விழுந்தால் வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பிவரும். ஆகவே விவரமறிந்தவர்கள் பழைய எண்களை அழிப்பதில்லை. எந்த எண் எதனுடன் சேர்ந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டால், தவறைக் கண்டதும் பிரித்துவிடலாம்.

இவ்வளவு தெரிந்தும் வேலை இழுபடுவதற்குக் காரணம் சாஃப்ட்வேர் அல்ல. சி.ஆர்.எம். விற்பனையைக் கூட்டும் என்பதால் பணம் ஒதுக்கக் கேட்பவர் உண்டு. பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்வதில் எந்தப் பிரிவுக்கும் லாபக் கணக்குக் காட்டமுடியாது. எல்லோருக்கும் பொதுவான வேலை, யாருக்கும் சொந்தமில்லாத வேலையாகிவிடுகிறது.

இப்போது நெருக்கடி வெளியிலிருந்து வருகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை நிறுவனம் உறுதிசெய்யவேண்டும் என்கிறது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். கடன் பதிவுப் புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. பிழைக்கு ஒரு விலை வந்துவிட்டது.

வாடிக்கையாளரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் பாஸ்புக்குகளை எடுத்து வாடிக்கையாளர் எண்ணைப் பாருங்கள். ஒரே வங்கியில் இரண்டு எண் இருந்தால், ஒன்றாக்கக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். வாங்கிப் பாருங்கள். கோராத டெபாசிட்டைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ தளம் இருக்கிறது. எந்த வங்கியில் இருக்கிறது என்று அது காட்டும், பணத்தை அந்த வங்கியில்தான் கோரவேண்டும்.

அந்த மனைவி கிளைக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு சான்றிதழ். அதை ஒருமுறை கொடுத்தால் போதும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. அவருக்குக் கணவர் ஒருவர்தான். வங்கிக்கும் அவர் ஒருவராகவே இருந்திருக்கவேண்டும்.