தூங்காத குமாஸ்தா!

சம்பளம் கேட்க மாட்டான். லீவு கேட்க மாட்டான். இரவு 2 மணிக்கும் வேலை செய்வான். தீபாவளி அன்றும் வேலை செய்வான்.

இப்படி ஒரு குமாஸ்தா கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா?

கிடைத்திருக்கிறான்! உங்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இருக்கிறான். ஆனால் அவனிடம் ஒரு குறை உண்டு. அது என்ன குறை? கடைசியில் சொல்கிறோம்.

அணைக்கட்டு ஊர்

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கெலவரப்பள்ளி. அங்கே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே அணை கட்டி இருக்கிறார்கள். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கும் ஆறு, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் இந்த அணைக்குத்தான் வருகிறது.

அணையின் முழு நீர்மட்டம் 44.28 அடி. இடது கால்வாய், வலது கால்வாய் என்று இரண்டு கால்வாய்கள் உண்டு. அவற்றின் மூலம் சுமார் 8 ஆயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது.

ஒரு காலத்தில் ஓசூர் வட்டாரம் என்றால் ராகியும் தோட்டமும்தான். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் ஏராளமாகத் தோன்றின.

இந்தப் பட்டறைகளுக்கு இப்பொழுது தபால்காரர் ஆர்டர் கொண்டு வருவதில்லை. எல்லாம் ஈ-மெயில்தான்!

போயிற்று ஆர்டர்!

ஒரு பட்டறை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவர் லேத்து எந்திரத்தில் வேலை செய்கிறார். மனைவி கணக்குப் பார்க்கிறார்.

ஒரு நாள் மாலை மனைவி ஓடி வருகிறார்.

"என்னங்க, நேத்தே ஒரு ஆர்டர் விசாரணை வந்திருக்கு. இன்னிக்கு 4 மணிக்குள்ளே விலை சொல்லணும்னு எழுதியிருக்காங்க!"

"இப்போ மணி 6 ஆச்சே! நான் பார்க்கவே இல்லையே?"

"எப்படிப் பார்ப்பீங்க? விளம்பரத்துக்கு நடுவிலே கிடக்குது."

போயிற்று ஆர்டர்! அது வேறு பட்டறைக்குப் போய்விட்டது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தப் பணத்தில் கட்ட வேண்டியது.

குற்றம் யாருடையது? கணவருடையதும் அல்ல, மனைவியுடையதும் அல்ல. கடிதம் வந்த வேகத்துக்கு அதைப் பிரித்து வைக்க ஆள் இல்லை. அதுதான் காரணம்.

தொல்லை தொடங்கிய கதை

ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் முறையை 1971-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர் செய்து காட்டினார். ஈ-மெயில் விலாசத்தின் நடுவில் சுழியோடு கூடிய ஒரு ஆங்கில எழுத்து இருக்கிறது அல்லவா? அதை அங்கே வைத்தவர் அவர்தான்.

ஏழே ஆண்டுகள்தான் ஆயின. 1978 மே மாதம் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரி, சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வாங்கியவர்கள் சீறினார்கள். ஆனாலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்று நம் பெட்டியில் வந்து விழும் விளம்பரங்களுக்கு அது பிள்ளையார் சுழி!

கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்க் கழிவுகள் ஆற்றில் கலப்பதால் வரும் நுரை அது. நுரை மூடிவிட்டால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரக் கடிதமும் அப்படித்தான். நுரையை விலக்கினால்தான் தண்ணீரைப் பார்க்கலாம்.

ரெயில் வண்டியில் செய்த வேலை

இது புதிய தந்திரம் அல்ல. நம் தபால் இலாகா வெகு காலமாகச் செய்து வந்த வேலைதான்.

இரவில் ஓடும் ரெயிலில் தபால் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஊழியர்கள் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அறைகளில் போடுவார்கள். 1972 ஆகஸ்டு 15-ந் தேதி பின்கோடு எண் வந்தது. எண்ணைப் பார்த்ததும் எந்த அறை என்று தெரிந்துவிடும்.

நம் குமாஸ்தாவும் இதையே செய்கிறான். "இந்தக் கம்பெனியில் இருந்து வந்தால் 'ஆர்டர்' அறையில் போடு. 'பில்' என்று எழுதி இருந்தால் 'பணம்' அறையில் போடு. விளம்பரமா? தனியே ஒதுக்கு!" என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். இதற்குப் 'பில்டர்' என்று பெயர். கம்ப்யூட்டரில் ஒரு முறை அமைத்தால், பிறகு தானாகவே நடக்கும். காசு கிடையாது.

உடைந்த டெலிவிஷன்

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்காரர்கள் உலகப் பெயர் வாங்கி இருக்கிறார்கள். தெரியுமா?

கிரீஷ் மாத்ருபூதம் என்பவர் அமெரிக்காவில் இருந்து சென்னைக்குக் குடிமாறினார். அவருடைய டெலிவிஷன் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. இன்ஷூரன்ஸ் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார். மாதங்கள் ஓடின. பணம் வரவில்லை. கடைசியில், பலரும் படிக்கும்படி இன்டர்நெட்டில் தன் குறையை எழுதினார். உடனே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது!

வாடிக்கையாளரின் கடிதம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. 2010-ம் ஆண்டில் சென்னையில் ஒரு கம்பெனி தொடங்கினார். வரும் புகார் ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். யார் பதில் சொல்வது என்று குறிக்க வேண்டும். தாமதம் ஆனால் நினைவூட்ட வேண்டும். அதற்கான சாப்ட்வேரைச் செய்து விற்றார். பிரஷ்ஒர்க்ஸ் என்ற அந்தக் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

அவர் அதற்கு முன்பு வேலை பார்த்த இடம் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ. அந்தக் கம்பெனிக்குத் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் உண்டு. ஈ-மெயில், பில், கணக்கு எல்லாவற்றுக்கும் சாப்ட்வேர் செய்கிறார்கள்.

எல்லை தாண்டும் சரக்கு

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் செய்த பொருள் மாலையில் பெங்களூரில் இருக்க வேண்டும். நடுவில் மாநில எல்லை!

2018 ஏப்ரல் 1-ந் தேதி முதல், 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் 'இ-வே பில்' வேண்டும். சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. சீட்டு இல்லாவிட்டால் வண்டி நிற்கும், அபராதம் விழும்.

முன்பு இதற்காகவே ஒருவர் உட்கார்ந்து ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஒரு எண் தவறினாலும் தொல்லைதான். இப்பொழுது பில் போடும் சாப்ட்வேரே அந்த விவரத்தை எடுத்து, சீட்டையும் தயாரித்து விடுகிறது. ஒரு முறை எழுதினால் போதும்.

அவனுடைய குறை

இனி அந்தக் குறையைச் சொல்லுகிறோம். நம் குமாஸ்தாவுக்குச் சரியாகச் சந்தேகப்படத் தெரியாது!

மோசடிக் கடிதங்கள் பலவற்றை அவன் பிடித்து ஒதுக்குகிறான். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. சில சமயம் நல்ல கடிதத்தையும் குப்பையில் போட்டு விடுவான்.

திருடர்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? நீங்கள் இரும்பு வாங்கும் வியாபாரியின் பெயரிலேயே கடிதம் வரும். "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனிமேல் இந்தக் கணக்கில் பணம் கட்டுங்கள்" என்று இருக்கும். விலாசத்தில் ஒரே ஒரு எழுத்து மாறி இருக்கும். சில நேரம் அதுவும் மாறி இருக்காது. வியாபாரியின் பெட்டியையே திருடன் திறந்திருப்பான்!

குமாஸ்தா அதை ஒழுங்காகப் 'பணம்' அறையில் கொண்டு போய் வைப்பான். அவனுக்கு வியாபாரியும் ஒன்று, திருடனும் ஒன்று.

ஆகையால் இந்த நான்கையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்:

1. கணக்கு மாறியது என்று கடிதம் வந்தால், உங்களிடம் முன்பே உள்ள டெலிபோன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்.

2. விலையும் பணமும் உள்ள பதிலை எந்திரம் எழுதினாலும், நீங்கள் படித்த பிறகே அனுப்புங்கள். ஒரு பூச்சியம் கூடினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

3. குப்பை அறையைத் தினமும் ஒரு தடவை பாருங்கள்.

4. ஏமாந்து விட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

அணையில் மதகு இருக்கிறது, கால்வாய் இருக்கிறது. ஆனாலும் இரவில் நீர்மட்டத்தைப் பார்க்க ஒரு மனிதர் இருக்கிறார் அல்லவா?

பிரித்து வைக்கும் வேலையை எந்திரத்திடம் விடுங்கள். பணம் கட்டும் பொத்தானை மட்டும், விசாரித்த பிறகு, உங்கள் விரலால் அழுத்துங்கள்!