பத்மநாபபுரம் என்னும் பெயரும் தமிழ்99 விசைப்பலகையின் இயங்குதள மாற்றமும்

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் யாவர்க்கும் கிடைப்பதால், அதனை ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லுதல் எளிது என்னும் கருத்து பரவலாக உள்ளது. தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களைப் பொறுத்தவரை இது பாதியளவே பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் என்னும் ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தாலே இது விளங்கும்.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானாகப் புள்ளி பெறும். ‘பக்கம்’ போன்ற சொற்களுக்கு இது பெருவசதி. ஆனால் ‘நாபபுரம்’ என்பதில் முதற்பகரம் புள்ளி பெறாதது. விசைகளை அப்படியே அழுத்தினால் ‘பத்மநாப்புரம்’ என்றாகிவிடும். இதனைத் தவிர்க்க, முதற்பகரத்தை அடுத்து அகர விசையை அழுத்த வேண்டும். வடமொழிப் பெயர்களுக்கு மட்டும் உரிய இடர் என்று இதனை ஒதுக்கவும் இயலாது; ‘ததும்பு’ என்னும் தமிழ்ச்சொல்லும் இவ்வாறே சிதையும்.

அகர விசையை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒருங்குறி ஆவணத்தில் பதிவாவது ‘ப’ என்னும் ஒரே குறியீடுதான். ஆகவே இடஞ்சுட்டிக்கு முன்னுள்ள எழுத்தைப் படித்தறிவது மட்டும் போதாது. பயனர் இறுதியாக அழுத்திய விசையையும் மென்பொருள் நினைவில் கொள்ள வேண்டும். அந்நினைவைப் பேணும் முறை தளந்தோறும் வேறுபடுகிறது. தமிழா குழுவினரின் இ-கலப்பையுடைய தொடக்கப் பதிப்புகள், விண்டோசுக்கென உருவான கீமேன் என்னும் பொறியின்மீது அமைந்தவை. அப்பொறி லினக்சில் அன்று இல்லாமையால் விசைவரைபடத்தை மட்டும் பெயர்த்துப் பயனில்லை. லினக்சிலோ அடித்தளமே மாறிக்கொண்டிருந்தது. எக்ஸ்11 சூழலில் ஒரு செயலி பிற செயலிகளுக்குரிய விசையழுத்தங்களைக் கவனிக்க முடிந்தது. வேலண்ட் பாதுகாப்புக் கருதி அதனை மறுக்கிறது. எனினும் எம்17என் நூலகம் எழுத்து விதிகளைத் தனிக்கோப்பாக வைத்திருந்தமையால், ஸ்கிம் சட்டகத்தின் இடத்தை ஐபஸ் பெற்றபோதும் தமிழ்99 விதிக்கோப்பு தொடர்ந்து பயன்பட்டது. இதுவே பின்பற்றத்தக்க வழி எனலாம்.

விதிக்கோப்பு பிழையற்றதாயினும் ஓர் இடர் எஞ்சுகிறது. பயனர் பகரத்தைத் தட்டியபின் சுட்டெலியால் வேறிடத்திற்குச் சென்றால், பழைய நினைவு அழிய வேண்டும். அம்மாற்றத்தைச் செயலி உள்ளீட்டுச் சட்டகத்திற்குத் தெரிவிக்காவிடில், புதிய இடத்தில் வேண்டாத புள்ளி தோன்றும்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. அதனை ஆய்வோர் இரு மாநிலத் தரவுகளிலும் தேட வேண்டியவராவர். ஒரு பட்டியலில் ‘பத்மநாப்புரம்’ எனப் பதிவானால், சரியான பெயரைக் கொண்டு தேடுவோர்க்கு அப்பதிவு கிட்டாது. அது விடுபட்டது என்பதையும் அவர் அறியார்.