குடிநீரும் குளோரினும்

1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி மாநகரில் மஞ்சட்காமாலை கொள்ளைநோயாகப் பரவியது. ஏறத்தாழ 29,300 பேர் அதற்கு ஆளாயினர். கருவுற்ற பெண்களிடையே உயிரிழப்பு மிகுந்திருந்தது. யமுனை வெள்ளத்தைத் தொடர்ந்து ஆற்றின் போக்கு மாறி, நஜப்கர் கால்வாயின் கழிவுநீர் வஜீராபாத் நீரேற்று நிலையம்வரை எதிர்த்தோடி வந்ததே இதற்குக் காரணம். நிலையத்தில் வழக்கத்தினும் கூடுதலாகக் குளோரின் கலக்கப்பட்டது, டைபாய்டு பெருகவில்லை. ஆயினும் காமாலைக் கிருமி தப்பிப் பிழைத்தது. அது ஈ வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் என்பது பின்னாளில் தெரியவந்தது.

கழிவும் கலங்கலும் மிக்க நீரில் குளோரினின் பெரும்பகுதி அழுக்கைச் சிதைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மண்துகள்களும் கிருமிகளுக்கு மறைவிடமாகின்றன. மாநகர நிலையத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை வீட்டுக் குடத்துக்கும் பொருந்தும். எனவே நீரைத் தெளியவைத்து, மடித்த துணியில் வடிகட்டிய பின்னரே மருந்திடல் வேண்டும்.

கொதிக்கவைத்தல் ஐயமற்ற முறையே. ஆனால் விறகுக்கு அலையும் குடும்பங்களுக்கு அது எளிதன்று. மேலும், ஆறிய நீரில் அழுக்குக் கை பட்டால் மீண்டும் கிருமி சேரும். குளோரினோ நீரில் தங்கிநின்று காக்கிறது. 20 லிட்டர் நீருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போதுமானது. அரைமணி நேரம் கழித்தே பருகவேண்டும். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான். அதன்பின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். மக்கள் முகஞ்சுளிக்கும் அந்த இலேசான வாடை உண்மையில் காப்பின் அடையாளமே.

வீட்டுக் கிணற்றுக்கு இரட்டைப் பானை முறை உண்டு. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உருவாக்கியது. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரும் இரண்டு கிலோ பருமணலும் ஈரமாகக் கலந்து, துளையிட்ட பானையில் நிரப்பப்படும். அது துளையுள்ள மற்றொரு பானைக்குள் வைக்கப்பட்டு, வாய் மூடி, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே கயிற்றில் இறக்கப்படும். குளோரின் சிறிதுசிறிதாகக் கசியும். சுமார் 4,500 லிட்டர் நீருள்ள கிணற்றில், நாள்தோறும் 360 முதல் 450 லிட்டர் இறைத்தாலும், இரண்டு மூன்று வாரங்களுக்கு இது பயன்படும்.

பவுடர் புதியதாக இருத்தல் இன்றியமையாதது. புதிதாகச் செய்த பவுடரில் 33 விழுக்காடு குளோரின் கிடைக்கும். காற்றும் ஒளியும் ஈரமும் பட்டால் அது விரைவில் குறையும். வாய் திறந்து பரணில் கிடக்கும் பொட்டலத்தை நம்பிக் கிணற்றில் இறக்குவது வீண்வேலை.