டைப் பண்ணும்போதே ஓடுற ப்ரிவ்யூ: எக்ஸ்கோடை எப்படி அமைதியாக்கறது?

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து. கேள்வி இதுதான்: "ஸ்விஃப்ட்யூஐ கத்துக்கிட்டு இருக்கேன். 8 ஜிபி ராம் இருக்கற மேக்புக் ஏர். எக்ஸ்கோட்ல ரெண்டு எழுத்து அடிச்சு நிறுத்தினா போதும், வலது பக்கம் ப்ரிவ்யூ சுத்த ஆரம்பிச்சிடுது. எழுதி முடிக்கறதுக்குள்ள எரர் காட்டுது. இதை நிறுத்தவே முடியாதா?"

முடியும். பதிலை முதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க கேட்டுட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனா இது ஏன் நடக்குது, நம்ம மெஷின்ல உண்மையில என்ன ஓடுதுன்னு தெரிஞ்சா, ப்ரிவ்யூ வேகத்தைத் தாண்டி இன்னொரு முக்கியமான விஷயமும் புரியும். அதுக்காகத்தான் முழு எபிசோட்.

முதல்ல, சுருக்கமான பதில்

மேலே எடிட்டர் மெனுவுக்குப் போங்க. அதுக்குள்ள கேன்வாஸ். அதுல "ஆட்டோமேட்டிக்கலி ரிஃப்ரெஷ் கேன்வாஸ்"னு ஒரு ஆப்ஷன் டிக் ஆகியிருக்கும். அந்த டிக்கை எடுத்துடுங்க. பழைய வெர்ஷன் வெச்சிருந்தா, எடிட்டர் மெனுவுக்குள்ளயே நேரடியா தேடிப் பாருங்க.

இதுக்கு அப்புறம் நீங்க டைப் பண்ணும்போது கேன்வாஸ் தானா ஓடாது. உங்களுக்குப் பார்க்கணும்னு தோணும்போது ஆப்ஷன், கமாண்ட், பி மூணையும் சேர்த்து அழுத்துங்க. அப்போ மட்டும் புதுப்பிக்கும். கேன்வாஸே கண்ணுல படக்கூடாதுன்னா ஆப்ஷன், கமாண்ட், ரிட்டர்ன். அதையே திரும்ப அழுத்தினா கேன்வாஸ் திரும்ப வரும்.

நிறைய பேருக்கு இவ்வளவு போதும். ஆனா இந்த ஆப்ஷன் எல்லாம் அல்லது ஒண்ணுமில்லைங்கற மாதிரிதான். "நான் டைப் பண்றதை நிறுத்தி 3 விநாடி ஆன பிறகு ஓடு"ன்னு சொல்ல அந்த மெனுவுல இடம் கிடையாது.

சேவ் பண்றதும் டைப் பண்றதும்

மத்த கருவிகளோட ஒப்பிட்டுப் பார்த்தா இது நல்லா புரியும். ஃப்ளட்டர்ல ஹாட் ரீலோட் இருக்கு. விஎஸ் கோட்ல நீங்க ஃபைலை சேவ் பண்ணும்போது அது ஓடும். ரியாக்ட் எழுதறவங்களுக்கும் அதே பழக்கம்தான்: எழுதுவோம், சேவ் பண்ணுவோம், பிரவுசர் மாறும். அங்கே சேவ் என்பது நாம கொடுக்கற ஒரு சிக்னல். "நான் ஒரு எண்ணத்தை முடிச்சிட்டேன், இப்போ காட்டு"ன்னு அர்த்தம்.

எக்ஸ்கோட் அந்த சிக்னலுக்காகக் காத்திருக்காது. நீங்க டைப் பண்றதையே சிக்னலா எடுத்துக்குது. அதனால நீங்க யோசிக்கறதுக்காக அரை நிமிஷம் கையை எடுத்தாலும், அது "ஓகே, முடிச்சிட்டாரு"ன்னு நினைச்சு கம்பைல் பண்ணக் கிளம்பிடும். பாதி எழுதின கோட் கம்பைல் ஆகாது. உடனே எரர். நீங்க மிச்சத்தை எழுதுறீங்க, மறுபடியும் முயற்சி.

இப்படி வடிவமைச்சதுக்குப் பின்னாடி ஒரு நல்ல எண்ணமும் இருக்கு. 2012-ல் பிரெட் விக்டர் "இன்வென்டிங் ஆன் பிரின்சிபிள்"னு ஒரு பேச்சு கொடுத்தார். படைக்கறவங்களுக்கும் அவங்க படைப்புக்கும் நடுவுல காத்திருப்பே இருக்கக் கூடாது, கோடை மாத்தின அந்த நொடியே விளைவு தெரியணும்னு டெமோவோட காட்டினார். 2019-ல் ஆப்பிள் ஸ்விஃப்ட்யூஐயை அறிமுகப்படுத்தி, எக்ஸ்கோட் 11-ல் ப்ரிவ்யூவைக் கொண்டு வந்தபோது, அதுவும் அந்த ஆசையோட குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு நிறத்தையோ பேடிங்கையோ மாத்திப் பார்க்கும்போது இது அருமையா இருக்கும். ஒரு புது ஸ்க்ரீனோட டேட்டா மாடலை யோசிக்கும்போது இதே விஷயம் தொல்லை.

உள்ளே என்ன நடக்குது?

எல்லா மாற்றமும் ஒரே விலை இல்லை. மூணு வகையா பிரிச்சுக்கலாம்.

முதல் வகை, மதிப்பு மாற்றம். ஒரு டெக்ஸ்டுக்குள்ள இருக்கற வாக்கியத்தை மாத்தறீங்க, 16-ங்கற எண்ணை 20 ஆக்கறீங்க. இது ரொம்ப மலிவு. சட்டுனு மாறிடும்.

ரெண்டாவது, பாடிக்குள்ள மாற்றம். ஒரு புது பட்டனைச் சேர்க்கறீங்க, விஸ்டாக்கை ஹெச்ஸ்டாக் ஆக்கறீங்க. இதுக்குக் கம்பைல் வேணும். ஆனா முழு ஆப்பும் வேண்டாம், பெரும்பாலும் அந்த ஒரு ஃபைல் போதும்.

மூணாவது, அமைப்பு மாற்றம். ஸ்ட்ரக்டுக்குப் புதுசா ஒரு ப்ராப்பர்ட்டி சேர்க்கறீங்க, ஒரு டைப்போட பேரை மாத்தறீங்க. இப்போ அந்த டைப்பைப் பயன்படுத்தற மத்த ஃபைல்களும் பாதிக்கப்படும். அதனால பெரிய பில்ட். இந்த இடத்துலதான் சில சமயம் "ஆட்டோமேட்டிக் ப்ரிவ்யூ அப்டேட்டிங் பாஸ்ட்"னு கேன்வாஸே நின்னுடும்.

எக்ஸ்கோட் 16-ல் ப்ரிவ்யூவுக்குப் புது எஞ்சின் வந்தது. நீங்க ரன் பண்ணும்போது உருவாகற பில்டையே ப்ரிவ்யூவும் பகிர்ந்துக்குது. அதுக்கு முன்னாடி ரன்னுக்கும் ப்ரிவ்யூவுக்கும் மாறி மாறிப் போனா காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை குறைஞ்சிருக்கு. ஆனா அமைப்பை மாத்தினா பில்ட் தேவைங்கற உண்மை மாறலை.

இதோட, ஐபோன் ஆப்னா ப்ரிவ்யூ ஓடறதுக்குப் பின்னாடி தனியா ஒரு சிமுலேட்டரும் ஓடுது. 8 ஜிபி மெஷின்ல எக்ஸ்கோட், கம்பைலர், சிமுலேட்டர், பிரவுசர் எல்லாம் சேர்ந்தா திணறத்தான் செய்யும். சந்தேகமா இருந்தா ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து வெச்சுட்டு டைப் பண்ணிப் பாருங்க. ஸ்விஃப்ட் ஃப்ரண்ட்எண்ட்ங்கற ப்ராசஸ் எப்போ எப்போ எகிறுதுன்னு கண்ணாலயே பார்க்கலாம்.

ப்ரிவ்யூ என்பது படம் இல்லை

இப்போ நான் சொன்ன அந்த முக்கியமான விஷயம். ப்ரிவ்யூன்னா ஏதோ டிசைன் கருவியில இருக்கற படம் மாதிரி நினைச்சுக்கறோம். அப்படி இல்லை. உங்க கோட் நிஜமாவே ஓடுது.

உங்க வியூல ஆன்அப்பியர் அல்லது டாஸ்க் மாடிஃபையர் இருக்கு, அதுக்குள்ள சர்வர்ல இருந்து டேட்டா எடுக்கற கால் இருக்குன்னு வைங்க. லைவ் ப்ரிவ்யூ புதுசா ஏறும்போதெல்லாம் அந்தக் கால் போகும். கட்டணம் கட்டிப் பயன்படுத்தற ஏபிஐன்னா அந்தக் கணக்குல ஏறும். ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு வரம்பு இருந்தா அதுவும் கரையும். அந்தக் கால் டேட்டாவை எழுதறதா இருந்தா, சர்வர்ல நிஜமாவே எழுதும்.

வியூ மட்டும் இல்லை. ஆப் டார்கெட்டுக்குள்ள இருக்கற ப்ரிவ்யூவுக்கு ஹோஸ்டா உங்க ஆப்தான் தொடங்குது. அதனால ஆப்போட இனிட்டுக்குள்ள அனலிட்டிக்ஸ், லொகேஷன்னு எதையாவது தொடங்கி வெச்சிருந்தா, அதுவும் ஓடும். கம்பெனி டேஷ்போர்டுல "இன்னைக்கு யூசர் அதிகம்"னு தெரிஞ்சா, அது டெவலப்பரோட கேன்வாஸாவும் இருக்கலாம்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ப்ரிவ்யூவுக்குள்ள இருக்கோமான்னு கோடுலயே கேட்கலாம். "எக்ஸ்கோட் ரன்னிங் ஃபார் ப்ரிவ்யூஸ்"னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு. எல்லாமே கேபிடல் எழுத்து, சொற்களுக்கு நடுவுல அண்டர்ஸ்கோர். அதோட மதிப்பு 1-ன்னா, நீங்க ப்ரிவ்யூவுல இருக்கீங்க. அனலிட்டிக்ஸைத் தொடங்காம விட்டுடலாம்.

ரெண்டாவது வழி இன்னும் சுத்தம். டேட்டாவை எடுக்கற வியூவையும், அதை வரையற வியூவையும் பிரிச்சுடுங்க. ஒரு ஆர்டர் லிஸ்ட் ஸ்க்ரீன்னா, சர்வர்கிட்ட பேசறது ஒரு வெளி வியூ. வெறும் பேர், விலை, நிலைன்னு மதிப்புகளை வாங்கி வரையறது ஒரு உள் வியூ. ப்ரிவ்யூவை உள் வியூவுக்கு மட்டும் எழுதுங்க. நெட்வொர்க் தேவையே இல்லை, கையால ரெண்டு மூணு மாதிரி மதிப்பு கொடுத்தா போதும்.

ஆட்டோ ரிஃப்ரெஷை வெச்சுக்கிட்டே சுமையைக் குறைக்க

எல்லாருக்கும் அதை ஆஃப் பண்ணப் பிடிக்காது. அவங்க இதையெல்லாம் பாருங்க.

பின்: கேன்வாஸ்ல ஒரு ப்ரிவ்யூவைப் பின் பண்ணி வெச்சிருந்தா, நீங்க வேற ஃபைலுக்குப் போனாலும் அது கூடவே வரும். அங்கே நீங்க பண்ற மாற்றத்துக்கும் அது புதுப்பிக்கப் பார்க்கும். எப்போதோ பின் பண்ணதை மறந்திருக்கலாம். ஒரு தடவை பார்த்துக்கோங்க.

வேரியன்ட்ஸ்: டைனமிக் டைப் வேரியன்ட்ஸ் போட்டு வெச்சிருந்தா, ஒரே ஸ்க்ரீனை 12 எழுத்து அளவுகள்ல வரையும். சரிபார்க்கும்போது மட்டும் போடுங்க, டைப் பண்ணும்போது வேண்டாம்.

பில்ட் ஸ்க்ரிப்ட்: ப்ராஜெக்ட்ல ரன் ஸ்க்ரிப்ட் வெச்சு, ஒவ்வொரு பில்டிலும் ஒரு ஸ்விஃப்ட் ஃபைலைப் புதுசா எழுதற வழக்கம் சில டீம்கள்ல இருக்கு. உள்ளடக்கம் மாறலைன்னாலும் ஃபைல் மாறினதா பில்ட் சிஸ்டம் நினைக்கும், அதை நம்பியிருக்கற எல்லாத்தையும் திரும்ப கம்பைல் பண்ணும். ஸ்க்ரிப்டுக்கு இன்புட், அவுட்புட் ஃபைல்களைச் சரியா கொடுத்து, "பேஸ்ட் ஆன் டிபென்டென்சி அனாலிசிஸ்" டிக்கைப் போட்டு வைங்க. தேவைப்பட்டா மட்டும்தான் ஓடும்.

மாட்யூல்: பெரிய ப்ராஜெக்ட்ல இதுதான் பெரிய மருந்து. பட்டன், கார்டு மாதிரியான யூஐ பாகங்களைத் தனி ஸ்விஃப்ட் பேக்கேஜா பிரிச்சு, அந்த ஸ்கீமைத் தேர்ந்தெடுத்து வேலை பண்ணுங்க. ப்ரிவ்யூ அந்தச் சின்ன பேக்கேஜையும் அதுக்குத் தேவையானதையும் மட்டும் கட்டும். ஆப்போட இனிட்டும் குறுக்க வராது.

நான் எப்படி வெச்சிருக்கேன்?

நான் ஆட்டோ ரிஃப்ரெஷை ஆஃப்லதான் வெச்சிருக்கேன். லேப்டாப் சூடாகறதை விட எனக்குப் பெரிய காரணம் கவனம். பாதி வாக்கியம் எழுதும்போதே பக்கத்துல ஒருத்தர் "தப்பு, தப்பு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்தச் சிவப்பு எரர் அதைத்தான் பண்ணுது. புதுசா கத்துக்கறவங்க அதைப் பார்த்துட்டு, தப்பே இல்லாத வரியைப் போய் திருத்த ஆரம்பிச்சிடுவாங்க.

கோட் அமைப்பை எழுதும்போது கேன்வாஸை மூடிடுவேன். ஒரு வடிவம் வந்ததும் திறந்து, ஆப்ஷன், கமாண்ட், பி. நிறம், இடைவெளி, ஃபான்ட் சரிபார்க்கற கட்டம் வந்தா மட்டும் ஆட்டோவை ஆன் பண்ணுவேன். அந்த நேரத்துல நான் பண்றது பெரும்பாலும் முதல் வகை மாற்றம்தான், அதனால வேகமாவும் இருக்கும்.

கேள்வி அனுப்பின நண்பரே, இன்னைக்கு அந்த டிக்கை எடுத்துட்டு ஒரு வாரம் வேலை பண்ணிப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, நீங்க இப்போ திறந்து வெச்சிருக்கற வியூல ஆன்அப்பியருக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை படிச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.